அவையஞ்சாமை யாருக்கு?

திருக்குறளில் அவையஞ்சாமை என்று ஒரு அதிகாரம் இருக்கிறது. எழுபத்து மூன்றாவது அதிகாரம். எம்.ஏ. தமிழ் படித்த எவனும் அதிலிருந்து தப்ப முடியாது. நல்லா படிச்சிருந்தும் படித்தவர்கள் சபையில் வாய் திறக்கப் பயப்படுகிறவன், படிக்காதவனைவிடக் கீழானவன் என்கிற அளவுக்கு அது போகிறது. செமினார் வகுப்பில் தாள் நடுங்க நின்ற என்னிடம் எங்கள் பேராசிரியர் இந்த அதிகாரத்தைத்தான் எடுத்துச் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. எனக்குத் தைரியம் கொடுப்பதாகவே நினைத்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நான் பேச வேண்டியிருந்தது புறநானூற்றில் துடியன், பாணன், பறையன், கடம்பன் பற்றி. எழுதி வைத்திருந்தது பதினாறு பக்கம். வாசித்தது ஒன்றரைப் பக்கம்.

அவை என்று ஒன்று இருக்கிறது, அதில் நமக்கும் ஒரு இடம் போட்டு வைத்திருக்கிறார்கள், எழுந்து பேச வேண்டியது ஒன்றுதான் பாக்கி என்று வைத்துக்கொண்டால் அந்த அதிகாரம் சரிதான். உள்ளே விடாதவனுக்கு அவையச்சம் என்ன, அவையஞ்சாமை என்ன? உள்ளே விட்ட பிறகு முதல் தலைமுறையாகப் போய் நிற்கிறவனுக்கு வருகிற நடுக்கத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? இதை வரலாற்றில் தேடிப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

என் நடுக்கத்துக்கு ஒரு நாள், ஒரு வார்த்தை இருக்கிறது. எங்க ஊர்ப் பக்கம், வடார்க்காட்டில், ழகரம் வாயில் வராது. மழை என்பது மய. கோழி என்பது கோயி. ஆறாம் வகுப்பில் எழுந்து நின்னு பாடத்தைச் சத்தமாப் படிக்கச் சொன்னார்கள். பழம் என்று இருந்ததைப் பயம் என்று படித்தேன். வகுப்பே சிரித்தது. திரும்பப் படிடா என்றார் வாத்தியார். திரும்பவும் பயம். நாலு தடவை. அன்றைக்கு அது என் வாயில் பழமாக ஆகவே இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊர்த்தெருவிலிருந்து வந்த பையன்களும் வீட்டில் மய, கோயி என்றுதான் பேசுவார்கள். அவன் பேசினால் அது வட்டார வழக்கு. நான் பேசினால் சேரிப் பேச்சு.

கூட்டத்தில் பேசப் பயப்படுவது எல்லாருக்கும் உள்ளதுதானே, இதிலும் சாதியா என்று கேட்பார்கள். எல்லாருக்கும் உள்ளதுதான். வாய் உலர்வதும் நெஞ்சு அடித்துக்கொள்வதும் உடம்புக்குப் பொதுவானவை. காந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் சைவ உணவுச் சங்கத்தில் எழுதி வைத்திருந்ததைக்கூட அவரால் வாசிக்க முடியாமல் வேறொருவர் வாசித்தார். பாரிஸ்டராகித் திரும்பி வந்து பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுற்றியது, உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இதையெல்லாம் அவரே தன் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். அந்தக் கூச்சந்தான் அளந்து பேசக் கற்றுக்கொடுத்தது, தனக்கு அது கேடயம் என்றும் எழுதுகிறார். சரி. ஆனால் அவர் உட்கார்ந்தபோது அந்தக் கோர்ட்டில் யாராவது 'பனியாக்களுக்கு இவ்வளவுதான் மூளை' என்று நினைத்திருப்பார்களா? அவர் கூச்சம் அவருடைய சொந்தக் கூச்சம். நாம் திக்கினால் திக்குவது ஒரு ஆள் இல்லை. ஒரு தெரு திக்குகிறது. கோட்டாவில் வந்தது திக்குகிறது. இந்தச் சுமையோடு எழுந்து நிற்கிறவனிடம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகு, மூச்சை இழுத்து விடு என்று ஆளுமை வளர்ச்சி வகுப்பு நடத்துகிறார்கள். மூச்சை இழுத்து விடுவது நல்லதுதான். நானும் விடுகிறேன்.

நம்ம குரலுக்குக் கூட்டம் புதிதில்லை என்பதுதான் முதலில் சொல்ல வேண்டிய விஷயம். ஊருக்கு ஒரு சேதி சொல்லணும் என்றால் பறையைத் தட்டித் தெருத் தெருவாக நின்று சகலருக்கும் கேட்கச் சொன்னவன் நம்ம பாட்டன்தான். அந்தத் தொண்டை நடுங்கவில்லை. ஏனென்றால் அது அவனுடைய சேதி இல்லை. வரி கட்டச் சொல்கிற சேதி, ஏரி மதகு திறக்கிற சேதி, பஞ்சாயத்து கூடுகிற சேதி. அடுத்தவன் உத்தரவைச் சொல்ல ஊர் முழுக்க அவனுக்குக் குரல் உண்டு. தன் கூலியைப் பற்றிச் சொல்ல அதே பஞ்சாயத்தில் தள்ளி நின்று, துண்டைக் கக்கத்தில் இடுக்கி, கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசணும். கைகட்டி வாய்பொத்தி என்று நாம் சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறோம். அது வெறும் சொல்வழக்கு இல்லை, உடம்புக்குக் கொடுத்த பயிற்சி. மூச்சும் எச்சிலும் மேல்சாதிக்காரன்மேல் பட்டுவிடக்கூடாது. கேரளத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தன்னை அடியன் என்றும் தான் தின்னும் சோற்றைக் கரிக்காடி என்றும் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும். நான் என்ற சொல்லையே வாயிலிருந்து பிடுங்கிவிட்டால் அவன் எதை வைத்துப் பேசுவான்? தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம் என்று தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். அதுவரைக்கும் அது நடந்துகொண்டுதான் இருந்தது.

திண்ணைப் பள்ளிக்கூடம் முழுக்க வாய்ப்பாடம். சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் கத்திச் சொல்ல, தெருவுக்கே கேட்கும். சேரிப் பிள்ளை அந்தத் தெருவுக்குள்ளேயே வர முடியாது என்பதால் அந்தச் சத்தத்தில் அவன் குரல் மட்டும் இல்லை. பிறகு மிஷன் பள்ளிகள் வந்தன, 1894இல் தொடங்கிய ஆல்காட்டின் பஞ்சமர் பள்ளிகள் வந்தன, 1916இல் சிதம்பரத்தில் சகஜானந்தரின் நந்தனார் பள்ளி வந்தது. நம்மவர்கள் நம்மவர்களோடு உட்கார்ந்து சத்தமாகப் படித்த இடங்கள் இவை. பொதுப் பள்ளியில் தனியாகப் போய் உட்கார்ந்தவர்கள் கதை வேறு.

இரட்டைமலை சீனிவாசன் கதையைப் பாருங்கள். 1939இல் அவர் வெளியிட்ட ஜீவிய சரித்திர சுருக்கம் சின்னப் புத்தகம். அதில் கோயமுத்தூரில் படித்த காலத்தைச் சில வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறார். கலாசாலையில் சுமார் 400 பேர். பத்துப் பேர் தவிர மற்ற எல்லாரும் பிராமணர்கள். யாரோடாவது சிநேகம் பிடித்தால் எந்த ஊர், எந்தத் தெரு, என்ன சாதி என்று கேள்வி வரும். அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். வகுப்பு விட்டதும் மற்ற பையன்கள் வந்து சேருவதற்குள் வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவாராம். கூட விளையாட முடியாத கொடுமையை நினைத்து மனம் கலங்கியதாக எழுதுகிறார்.

இதில் வாத்தியார் அடித்தார் என்று இல்லை. யாரும் திட்டினார்கள் என்று இல்லை. ஒரு சம்பவமே இல்லை. ஒரு பையன் வருஷக்கணக்கில் மணியோசையை எதிர்பார்த்து ஒளிந்திருக்கிறான், அவ்வளவுதான். வகுப்பில் பேசாதவன் கூச்ச சுபாவி என்று பெயர் வாங்குகிறான். அவன் சுபாவம் இல்லை அது, அவன் போட்ட கணக்கு. வாயைத் திறந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் ஊர் வரும், ஊர் வந்தால் சேரி வரும். ஹாஸ்டல் பையன்களுக்கு இந்தக் கணக்கை இன்றைக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதே சீனிவாசன் 1893இல் பத்திரிகை ஆரம்பித்தபோது என்ன பெயர் வைத்தார்? பறையன். பள்ளிக்கூடத்தில் எந்தச் சொல் காதில் விழுந்துவிடக் கூடாது என்று ஓடினாரோ அதே சொல்லை அச்சடித்துக் காசு வாங்கி விற்றார். 1924இல் பொதுத் தெரு, பொதுக் கிணறு எல்லாருக்கும் உரியது என்று சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் போய் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு எழுபது வயது. எழுபது வயதில் அந்த மண்டபத்தில் எழுந்தபோது மணியடித்த பிறகு உள்ளே போகிற அந்தப் பையன் அவருக்குள் இருந்தானா, போய்விட்டானா? அவர் எழுதவில்லை. இருந்திருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அம்பேத்கர் பள்ளியில் தனியாக ஒரு மூலையில் சாக்கின்மேல் உட்கார்ந்ததும், அந்தச் சாக்கைப் பள்ளி வேலைக்காரன் தொடமாட்டான் என்பதால் தினம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வருவது எல்பின்ஸ்டன் பள்ளியின் கரும்பலகைக் கதை. அவர் வாழ்க்கை வரலாற்றைத் தனஞ்செய் கீர் எழுதியிருக்கிறார், அதில் வருகிறது. ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட வாத்தியார் அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிடுகிறார். உடனே வகுப்பில் ஒரே கூச்சல். பையன்கள் பலகைக்குப் பின்னால்தான் சாப்பாட்டு டப்பாக்களை வைத்திருந்தார்கள். அவர் போய்ச் சேருவதற்குள் ஓடிப்போய் டப்பாக்களை எடுத்து அப்பால் வீசினார்கள். அதற்கப்புறம்தான் அவர் பலகையைத் தொட்டார்.

வகுப்பு முன்னால் போய் நிற்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அவருக்குக் கணக்கு தெரியும். அவர் பயப்பட்டாரா இல்லையா என்று கேட்பதே தப்பு. அங்கே பயந்தவர்கள் மற்றவர்கள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்களுக்கு இருந்த நடுக்கத்துக்கு ஆசாரம் என்று பெயர், மரியாதை. அந்தக் கூச்சலுக்கு நடுவில் நாலு தப்படி நடந்து போய்ச் சாக்கட்டி எடுக்கிற பையனுக்குக் கை நடுங்கினால் மட்டும் அது அவனுடைய குறை.

அந்தப் பையன் 25 வயதில், 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானிடவியல் செமினாரில் ஒரு கட்டுரை வாசித்தார். இந்தியாவில் சாதிகள் என்ற கட்டுரை. நாம் இன்றைக்கு நூலாகக் கையில் வைத்துக்கொண்டிருப்பது ஒரு மாணவன் வகுப்பில் வாசித்த செமினார் பேப்பர் என்பதை மறந்துவிடுகிறோம். எந்தச் சாதியின் பெயரால் டப்பாக்கள் வீசப்பட்டனவோ அந்தச் சாதி எப்படி உண்டாகிறது, எந்திரம் மாதிரி எப்படி ஓடுகிறது என்று வகுப்பு முன்னால் நின்று பிரித்துக் காட்டினார். அங்கே பலகைக்குப் பின்னால் டப்பா இல்லை.

திரும்பி வந்தார். 1918 நவம்பரில் பம்பாய் சிடனம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர். தொடக்கத்தில் பையன்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. தீண்டத்தகாதவன் என்ன சொல்லித் தரப் போகிறான் என்கிற நினைப்பு. பிறகு பாடத்தைக் கேட்க வேறு கல்லூரிப் பையன்களும் அனுமதி வாங்கி வந்து உட்கார்ந்தார்கள். அதே சமயம் ஆசிரியர் அறையில் பொதுப் பானைத் தண்ணீரை அவர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். பேச்சால் வகுப்பை ஜெயிக்கலாம், தண்ணீர்ப் பானையை ஜெயிக்க முடியாது. 1936இல் லாகூர் ஜாத்பாத் தோடக் மண்டல் அவரைத் தலைமையுரைக்குக் கூப்பிட்டுவிட்டு, எழுதி அனுப்பிய உரையைப் பார்த்துப் பயந்து மாநாட்டையே நிறுத்தியது. சாதியை ஒழிக்க வேண்டும் என்று சொல்கிற சபைக்கே அவர் பேச்சைக் கேட்கத் தைரியம் இல்லை. அவர் சொந்தச் செலவில் 1500 பிரதி அச்சடித்துவிட்டார். பேசவிடாத பேச்சுதான் இன்றுவரைக்கும் பேசிக்கொண்டிருக்கிறது.

பெண்களுக்கு இது இரண்டு மடங்கு. புனேயில் ஜோதிராவ், சாவித்திரிபாய் பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, பதினாலு வயதில் மாங், மகார் மக்களின் துயரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். 1855இல் ஞானோதயா பத்திரிகையில் அது வந்தது. வேதம் பிராமணர்களுக்கு மட்டும் சொந்தம் என்றால் அப்போ எங்கள் மதம் எது என்று அந்த வயதில் கேட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதின கட்டுரை அது. அந்த வகுப்பில் அவளைச் சிரிக்க ஆள் இல்லை, அதுதான் வித்தியாசம். கொச்சியைச் சேர்ந்த தாட்சாயணி வேலாயுதனுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. புலையர் குடும்பத்துப் பெண். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல். மேல்சாதி ஆசிரியர் இவருக்குச் சோதனைகளைக் காட்ட மறுத்தார். தள்ளி நின்று, எட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டு 1935இல் பி.எஸ்சி. முடித்தார். பிறகு பள்ளி ஆசிரியை. 1946 டிசம்பரில், 34 வயதில், அரசியல் நிர்ணய சபையில் எழுந்து பேசினார். அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண்.

பாமாவின் கருக்கு 1992இல் வந்தபோது படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கல்லூரி வகுப்பில் அரிசனப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்க, உங்களுக்குத் தனி டியூஷன் என்பார்கள். நல்லது செய்யத்தான் எழுப்புகிறார்கள். இந்த 'எழுந்து நில்' நமக்குப் பழக்கமானது. ஸ்காலர்ஷிப் பாரம் கொடுக்க எழுந்து நில், சாதிச் சான்றிதழ் கொண்டுவராதவன் எழுந்து நில். மற்றவனை எழுப்பினால் பதில் சொல்வதற்கு. நம்மை எழுப்பினால் எண்ணுவதற்கு. செமினாருக்கு எழுந்திரு என்றால் முழங்காலுக்கு அந்த வித்தியாசம் உடனே புரிவதில்லை.

இந்த வரிசையில் படித்தவர்கள் மட்டும் நிற்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அய்யன்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1907இல் சாதுஜன பரிபாலன சங்கம் கண்டவர். ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்துப் பள்ளிக்குள் கூட்டிப்போனார். பள்ளியையே கொளுத்தினார்கள். அவள் உட்கார்ந்ததாகச் சொல்லும் பாதி எரிந்த பெஞ்சை அந்தப் பள்ளியில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விடாவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று புலையர்களை வேலைநிறுத்தத்துக்குக் கொண்டுவந்த அதே ஆள்தான் திருவிதாங்கூர் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு 1911இல் நியமிக்கப்பட்டு அங்கேயும் பேசினார். அவர் பின்னால் வேலையை நிறுத்திவிட்டு ஒரு கூட்டம் நின்றது. தனியாக எழுந்து நிற்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் கொஞ்சமல்ல. அயோத்திதாசர் 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் கோயில் பற்றிக் கேட்டபோது சபையே எழுந்து கூச்சல் போட்டது. உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கிறதே என்கிற மாதிரி ஒரு சாஸ்திரி பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் அவர் கேட்டது நாலாவது வகுப்பு வரைக்கும் இலவசப் படிப்பு, புறம்போக்கு நிலம். கூச்சலுக்கு நடுவில் விஷயத்தை விடாமல் பேசுவது இதுதான்.

இப்போது யாரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. அதற்கு மதிப்பெண் இருக்கிறது. எழுத்துத் தேர்வில் விடைத்தாளுக்குச் சாதி தெரியாது. வாய்மொழித் தேர்வில் முகம் தெரியும், பெயர் தெரியும், பேச்சு தெரியும். அதற்கு வைவா வோஸ் என்று லத்தீனில் பெயர், உயிருள்ள குரல் என்று அர்த்தமாம். ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் எம்.ஃபில்., பிஎச்.டி. சேர்க்கையில் நூற்றுக்கு 30 மதிப்பெண் வாய்மொழிக்கு இருந்தது. எழுத்தில் நன்றாக வாங்கின ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களுக்கு வாய்மொழியில் குறைவாக விழுகிற போக்கு இருக்கிறது என்று அந்தப் பல்கலைக்கழகமே அமைத்த அப்துல் நஃபே குழு 2016இல் சொன்னது, வாய்மொழி மதிப்பெண்ணைக் குறைக்கச் சொன்னது. நடந்தது நேர்மாறு. எழுத்துத் தேர்வைத் தகுதிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வாய்மொழியை வைத்தே இடம் கொடுக்கும் விதி அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு வந்தது. சேலத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த முத்துக்கிருஷ்ணன் 2017 மார்ச்சில் இறந்து கிடந்தார். கடைசியாக அவர் எழுதிப் போட்டதில் ஆராய்ச்சிச் சேர்க்கையில் சமத்துவம் இல்லை, வாய்மொழித் தேர்வில் சமத்துவம் இல்லை என்று இருந்தது. சபைக்கூச்சம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம்.

எங்கள் தெருவில் மாலைநேரப் படிப்பகம் ஒன்று நடத்துகிறோம். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, 'அண்ணா, இலக்கிய மன்றத்துல என்னைப் பேசச் சொல்லிட்டாங்க. அம்பேத்கர் பத்தி. எழுதிக் குடு, மனப்பாடம் பண்ணிக்கறேன்' என்றாள். எழுதிக் கொடுக்கவில்லை. அவளுக்கு ஒரு சேதி சொன்னேன். 1946 டிசம்பர் 17. அரசியல் நிர்ணய சபையில் ராஜேந்திர பிரசாத் திடீரென்று அம்பேத்கரைப் பேசக் கூப்பிட்டுவிட்டார். அவருக்கு முன்னால் இருபது பேருக்குமேல் பட்டியலில் இருந்தார்கள். தன் முறை இன்றைக்கு வராது, நாளைக்குத் தயாராகிக்கொண்டு வந்து பேசலாம் என்று நினைத்திருந்ததாகச் சபையிலேயே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

'அவரே அப்படிச் சொன்னாரா?'

'சொன்னாரு. குறிப்புல இருக்கு.'

'அப்புறம் பேசினாரா?'

'பேசினாரு.'

இரண்டு நாளில் அவளே ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். கரும்பலகைக் கதைதான். சின்னப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார வைத்துப் படித்துக் காட்டச் சொன்னேன். எழுந்தாள். ஆரம்பித்தாள். ஒழுங்கு என்று இருந்த இடத்தில் ஒயுங்கு என்றாள். யாரும் சிரிக்கவில்லை, எல்லாருக்கும் அது ஒயுங்குதான். டப்பாக்கள் வருகிற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. ரேஷன் பையோடு வாசலில் நின்றிருந்த அவள் ஆயா உள்ளே எட்டிப் பார்த்து, 'இன்னும் சத்தமாப் படிடி, எனக்குக் காது கேக்கல' என்றார். அவள் முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பித்தாள்.